ஒரே தடவை கட்டப்படும் மீள்நார்

இதயம் சுருங்கி ரத்தத்தைத் தள்ளும்போது பெருந்தமனி விரிந்து கொடுக்கிறது. இதயம் தளர்ந்ததும் பழைய அளவுக்குத் திரும்பி, தனக்குள் தேங்கிய ரத்தத்தை முன்னே அனுப்புகிறது. நாளொன்றுக்குச் சுமார் 1 லட்சம் தடவை இது நடக்கிறது. இந்த மீள்திறன் எலாஸ்டின் என்ற புரதத்தால் ஆன மீள்நார்களிலிருந்து வருகிறது. அவற்றை உடல் எப்படிக் கட்டுகிறது?

மூலப்புரதத்துக்குப் பெயர் ட்ரோபோஎலாஸ்டின். 7-ஆம் குரோமோசோமில் உள்ள ஒரே ஒரு மரபணுதான் அதற்கு ஆதாரம். தோலில் நார்முன்செல்களும் தமனிச் சுவரில் மென்தசைச் செல்களும் அதைத் தயாரித்து வெளியே விடுகின்றன. உடற்சூட்டில் அது தானாகவே துளித்துளியாகத் திரளும்.

துளிகள் படிய வெளியே சாரம் வேண்டும். ஃபைப்ரில்லின் என்ற மற்றொரு புரதத்தின் நுண்ணிழைகளே அந்தச் சாரம். இதில் பிறவிக் கோளாறு இருப்பதுதான் மார்ஃபான் நோய். பெருந்தமனி மெல்ல மெல்லப் புடைத்து, கிழியவும் கூடும்.

துளிகள் படிந்துவிட்டால் மட்டும் நார் ஆகிவிடாது. அடுத்த கட்டம்தான் உயிர்நாடி. லைசில் ஆக்சிடேஸ் என்ற நொதி, புரதத்திலுள்ள லைசின் என்னும் அமினோ அமிலத்தை மாற்றியமைக்கிறது. அப்படி மாறிய மூன்றும் மாறாத ஒன்றுமாக நான்கு லைசின்கள் கூடி ஒரு வளையமாகின்றன. டெஸ்மோசின் எனப்படும் இந்த முடிச்சு விழுந்த பிறகு நார் நீரில் கரையாது. இழுத்தால் இருமடங்கு நீண்டு, விட்டதும் திரும்பும். அந்த நொதி வேலை செய்யத் தாமிரம் வேண்டும். தாமிரம் இல்லாத தீவனத்தில் வளர்ந்த பன்றிக்குட்டிகள் பெருந்தமனி வெடித்து இறந்திருக்கின்றன. துளியளவு உலோகத்தின் கையில் எவ்வளவு இருக்கிறது!

கட்டி முடிந்த பெருந்தமனியைக் குறுக்கே வெட்டி, வெர்ஹோஃப் சாயமேற்றி நுண்ணோக்கியில் பார்த்தால், மீள்நார் அடுக்குகள் கன்னங்கரேலென்று, அலையலையாக, ஒன்றன்மேல் ஒன்றாகத் தெரியும். ரத்த அழுத்தம் இல்லாமல் சுவர் சுருங்கிவிடுவதால்தான் அந்த அலை.

இந்த வேலையெல்லாம் பெரும்பாலும் கருவின் கடைசி மாதங்களிலும் குழந்தைப் பருவத்திலும் நடப்பது. பருவமடைந்த பின் ஏறக்குறைய நின்றுவிடுகிறது. அன்று கட்டிய நார்தான் எழுபது வயதிலும் உழைக்கிறது. அறுந்தால் அதேபோல இன்னொன்று கட்டப்படுவதில்லை. கடும் வெயில் தோலின் மீள்நார்களைச் சிதைக்கிறது. புகைபிடிப்பவரின் நுரையீரலில் வெள்ளணுக்கள் கூடி, எலாஸ்டினை வெட்டும் நொதியைக் கக்குகின்றன. காற்றறைகளின் சுவர்கள் அழிகின்றன.

எலாஸ்டின் கலந்த முகப்பூச்சு கடைகளில் கிடைக்கிறது. மேலே பூசிய புரதம் தோலுக்குள் நாராக மாறாது. அந்தப் பணத்தை மிச்சம் பிடியுங்கள். வீட்டில் யாராவது புகைக்கிறார்கள் என்றால், இன்றே நிறுத்தச் சொல்லுங்கள்.