சங்கிலியும் சிகிச்சையும்

2001-ஆம் வருஷம் ஆகஸ்டு மாதம் 6-ந் தேதி விடியற்காலையில், இராமநாதபுரம் ஜில்லா ஏர்வாடியில் மனநோயாளரை வைத்திருந்த ஒரு தனியார் விடுதியின் ஓலைக் கொட்டகை தீப்பற்றி எரிந்தது. 28 பேர் மாண்டனர். நெருப்பென்று அறியாமலா அவர்கள் மாண்டார்கள்? சங்கிலியால் பிணிக்கப்பட்டிருந்தபடியால் ஓட முடியாமல் மாண்டார்கள்.

அவர்களை அங்கே கொண்டுவந்து விட்டவர்கள் பகைவர்களல்லர், பெற்றோரும் உடன்பிறந்தாருமே. தர்காவில் அவர்கள் வைத்த நம்பிக்கையை நாம் பழிக்க மாட்டோம். மனநோய் வைத்தியர் எங்கோ தூரத்து நகரத்தில் இருக்க, ஏழைக் குடும்பம் வேறெங்கே போகும்?

மனநோயாளர் விடுதிகளைக் கட்டுப்படுத்தும் 1987-ஆம் வருஷத்துச் சட்டம் அன்றைக்கே இருந்தது. இருந்தும் பயனென்ன? தீ விபத்துக்குப் பின்னர் விடுதிகள் மூடப்பட்டன. 2017-ஆம் வருஷத்து மனநலச் சட்டமோ, எவ்வகையிலும் எவரையும் சங்கிலியால் பிணிக்கலாகாது என்று 95-ஆம் பிரிவில் திட்டமாகத் தடுத்தது. ஆயினும் 2019-ல் உத்தரப் பிரதேசத்துப் பதாவூனில் நோயாளர் சங்கிலியில் கிடந்த செய்தி சுப்ரீம் கோர்ட்டு வரை வந்தது.

“சங்கிலியைக் கழற்றிவிட்டால், அவன் கிணற்றில் விழுந்தால் யார் பொறுப்பு?” என்று குடும்பத்தார் கேட்கிறார்கள். இதை அறியாமையென்று தள்ளிவிடுவோர் இரவெல்லாம் விழித்திருந்து ஒரு நோயாளியைக் காத்தவர்களல்லர் என்று நினைக்கிறோம். இக்கேள்விக்கு விடை சட்டத்தில் இல்லை. நடந்துபோகும் தூரத்தில் ஒரு வைத்தியரும், மாதந்தவறாமல் கிடைக்கும் மாத்திரையுமே விடை. பெங்களூர் நிம்ஹான்ஸ் 2015-16-ல் 12 மாகாணங்களில் எடுத்த கணக்கின்படி, நோய்க்கு நோய் வேறுபட்டு, நூற்றுக்கு 70 முதல் 92 பேர் வரை சிகிச்சையின்றியே இருந்தனர்.

வழியில்லாமலில்லை. ஜில்லா மனநலத் திட்டம் 1996-லேயே தொடங்கப்பட்டது. பின்னாட்களில் ஏர்வாடியிலும், பிரார்த்தனை ஒருபுறமிருக்க, மருந்தும் தர்காவுக்கு அருகிலேயே கிடைக்க சர்க்கார் ஏற்பாடு செய்தது. பிரார்த்தனையை விடச் சொல்லாமல் மருந்தைக் கொடுத்த இந்த யோசனையை நாம் மனமாரப் பாராட்டுகிறோம்.

இனி, நம் ஊழியர்கள் தத்தம் தாலுகா ஆஸ்பத்திரிக்குச் சென்று இரண்டு கேள்விகள் கேட்கட்டும்: மனநோய் வைத்தியர் எந்தக் கிழமை வருகிறார்? சென்ற மாதம் மாத்திரை எத்தனை நாள் இல்லாதிருந்தது? கிடைக்கும் விடைகளை ஊர்ப் பெயருடன் எழுதியனுப்பினால், அவற்றை இப்பக்கத்தில் வெளியிடச் சித்தமாயிருக்கிறோம்.