மாற்றுவதற்கு முன் அளந்து பாருங்கள்

ஓடிக்கொண்டிருக்கும் பழைய கார் நடுச்சாலையில் திடீரென அணைகிறது. டேஷ்போர்டு விளக்குகளும் சேர்ந்து போகின்றன. ஓரங்கட்டிச் சில நிமிடம் கழித்துச் சாவியைத் திருப்பினால் ஒன்றுமே நடக்காததுபோல ஸ்டார்ட் ஆகிவிடுகிறது. ஒர்க்‌ஷாப்பில் கொண்டுபோய் விட்டால் அங்கே ஒரு குறையும் தெரிவதில்லை. அதன்பின் பேட்டரி மாறும். மறுபடி நின்றால் ஆல்டர்னேட்டர் மாறும், அப்புறம் இக்னிஷன் காயில். விட்டுவிட்டு வரும் மின்கோளாறை இப்படி உதிரிபாகங்களை ஒவ்வொன்றாக மாற்றித் துரத்துவது பழுது பார்ப்பதே அல்ல. இருபது, முப்பது வயதான வண்டியில் இந்தக் கோளாறு பெரும்பாலும் பாகங்களில் இருப்பதில்லை. பாகங்களைச் சேர்க்கும் இணைப்புகளில்தான் இருக்கிறது. அந்த இணைப்புகளை மின்சாரம் ஓடும்போதே சோதித்தால்தான் குட்டு வெளிப்படும்.

மின்சாரம் ஓடும்போதே என்று அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ஹெட்லைட் வயரின் முனையில் மல்டிமீட்டரை வைத்தால் 12 வோல்ட்டுக்கு மேல் காட்டும். ‘கரன்ட் வருது, வயர் நல்லா இருக்கு’ என்று முடிவு கட்டிவிடுவார்கள். ஆனால் மீட்டர் இழுத்துக்கொள்ளும் மின்சாரம் இல்லை என்றே சொல்லிவிடலாம். வயருக்குள் ஒரே ஒரு இழை மட்டும் அறுபடாமல் இருந்தாலும் அதே 12 வோல்ட்டைத்தான் காட்டும். காலி வாளியைக் கட்டித் தொங்கவிட்டு, கிணற்றுக் கயிறு பலமாக இருக்கிறது என்று சொல்வதைப் போன்றது இது. இரண்டு ஹெட்லைட்டுகளும் ஹைபீமில் எரியும்போது சுமார் 10 ஆம்பியர் ஓடுகிறது. வழியில் களிம்பேறிய ஒரு கனெக்டரில் பத்தில் ஒரு ஓம் தடை இருந்தால் போதும், அங்கேயே 1 வோல்ட் தொலைந்துவிடும். தொலைந்த வோல்ட் சும்மா போவதில்லை. அந்தச் சின்ன இடத்தில் 10 வாட் வெப்பமாக மாறுகிறது. சூட்டில் உலோகம் விரிந்து பிடி தளர்கிறது, தடை இன்னும் கூடுகிறது, ஒரு கட்டத்தில் தொடர்பு விட்டுப்போகிறது. ஆறியதும் மறுபடி ஒட்டிக்கொள்கிறது. நின்ற வண்டி சில நிமிடம் கழித்துத் தானே உயிர் பெறுவதற்கும், ஒர்க்‌ஷாப்புக்கு வந்து சேரும்போது நல்லபிள்ளையாக இருப்பதற்கும் இதுவே முக்கியக் காரணம்.

இணைப்புகளிலேயே யாரும் கவனிக்காதது எர்த். பேட்டரியிலிருந்து புறப்படும் மின்சாரம் பேட்டரிக்கே திரும்பி வருவதற்குப் பெரும்பாலும் தனி வயர் கிடையாது. வண்டியின் இரும்பு உடம்பு வழியாகத்தான் வந்தாக வேண்டும். அந்த உடம்போ பெயின்ட்டும் துருவும் ஏறியது. சென்னை, தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களில் உப்புக்காற்று துருப்பிடிப்பதை இன்னும் விரைவாக்குகிறது. என்ஜினோ ரப்பர் மவுன்ட்டிங் மேல் உட்கார்ந்திருப்பதால், அதற்கென்று போட்ட பின்னல் பட்டைதான் என்ஜினையும் பாடியையும் மின்சாரத்தால் சேர்க்கிறது. அது அறுந்துபோனால், செல்ஃப் அடிக்கும்போது ஓடும் நூறு ஆம்பியருக்கும் மேற்பட்ட மின்சாரம் ஆக்ஸிலரேட்டர் கேபிள், கிளட்ச் கேபிள் என்று கிடைத்த வழியில் திரும்பும். கேபிள் சுடுவதும் இறுகிப்போவதும் அதனால்தான். அதைக் கேபிள் பழுது என்று நினைத்து மாற்றிக்கொண்டே இருப்பவர்கள் உண்டு. பிரேக்கை மிதித்தால் இண்டிகேட்டர் மங்கலாக எரிவது, இண்டிகேட்டர் போட்டால் பின்விளக்கும் சேர்ந்து துடிப்பது போன்றவையும் பெரும்பாலும் எர்த் சொல்லும் சேதிகள்தான்.

சோதனை எளிது. மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் நெகடிவ் முனையிலேயே வைக்க வேண்டும், கிளாம்பில் அல்ல. இன்னொன்றை என்ஜின் பிளாக்கில் சுத்தமான இரும்பில் வைத்து, ஒருவரைச் செல்ஃப் அடிக்கச் சொல்ல வேண்டும். பழுதில்லாத எர்த்தில் மிகச் சிறிய எண்தான் வரும். அரை வோல்ட்டைத் தாண்டினால் கோளாறு அந்த வழியில் இருக்கிறது. பாசிடிவ் பக்கமும் இதேபோல, பேட்டரி முனையிலிருந்து ஸ்டார்ட்டர் முனை வரை. எண் கூடுதலாக இருந்தால் பாதி தூரத்தில் வைத்து அளந்து, எந்தப் பாதியில் வோல்ட் தொலைகிறது என்று ஒதுக்கிக்கொண்டே போனால் குற்றவாளி இணைப்பு அகப்பட்டுவிடும். ஓடும்போது மட்டும் வரும் கோளாறுக்கு இன்னொரு வழி இருக்கிறது. பியூஸ் போட்ட வயரில் இரண்டு சிறு பல்புகளைக் கட்டி, ஒன்றை இக்னிஷன் சுவிட்சுக்கு மின்சாரம் வரும் பக்கத்திலும் மற்றதைச் சுவிட்சிலிருந்து போகும் பக்கத்திலும் சேர்த்து, நல்ல எர்த்தும் கொடுத்து டேஷ்போர்டில் தெரியும்படி வைக்க வேண்டும். வண்டி அணையும் கணத்தில் இரண்டும் அணைந்தால் கோளாறு சுவிட்சுக்கு முன்னால். இரண்டாவது மட்டும் அணைந்தால் சுவிட்சில். இரண்டும் எரிந்துகொண்டே இருந்தால் அதற்கு அப்பால். பல்புகளைக் கவனிக்கும் வேலை பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருடையது.

‘பேட்டரி மாற்றினோம், சரியாகிவிட்டதே’ என்று பலர் சொல்வார்கள். பல நேரம் அது உண்மைதான். ஆனால் பேட்டரியை மாற்றுகிறவர் இரண்டு கிளாம்ப்களையும் கழற்றி, சுரண்டி, இறுக்கி மாட்டுகிறார். செலவில்லாத அந்த வேலை செய்த நன்மை புதுப் பேட்டரியின் கணக்கில் ஏறிவிடுகிறது. பேட்டரியே கெட்டுப்போவதும் உண்டு, உள்ளே செல்களைச் சேர்க்கும் இணைப்பு விரிசல் விடுவதும் உண்டு. அதையும் அளந்தே சொல்லலாம்: நன்றாகச் சார்ஜ் ஏறிய பேட்டரி, செல்ஃப் அடிக்கும்போது தன் முனைகளிலேயே 9.6 வோல்ட்டுக்குக் கீழே சரிந்தால் அதை மாற்றத்தான் வேண்டும். மெக்கானிக்குகள் சொல்லும் ஆட்சேபம் வேறு: இவ்வளவு நேரம் அளந்துகொண்டிருந்தால் கூலி யார் கொடுப்பார்கள்? நியாயமான கேள்வி. பொருளுக்குப் பணம் தருகிற நாம், கண்டுபிடித்த அறிவுக்குத் தரத் தயங்குகிறோம். இது நம் பக்கத்துக் குற்றம். மொத்த வயரிங்கையும் மாற்றிவிடலாமே என்பாரும் உண்டு. வயரின் மேலுறை விரலில் பொடியாக உதிர்கிறதென்றால் அதுவே சரி. மற்றபடி, துருப்பிடித்த எர்த் போல்ட்டில் புது வயரைக் கட்டினால் பழைய கோளாறு பத்திரமாக அங்கேயே இருக்கும்.

‘தானாகச் சரியாகிவிட்டது, மறுபடி வந்தால் பார்த்துக்கொள்ளலாம்’ என்ற எண்ணம்தான் இவை எல்லாவற்றிலும் ஆபத்தானது. அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் கதை அதற்குச் சான்று. செவ்ரோலே கோபால்ட், சாட்டர்ன் அயான் போன்ற அதன் கார்களில், சாவியை ஆன் நிலையில் பிடித்து நிறுத்தும் சுவிட்சின் உட்பகுதி போதிய பலமில்லாமல் இருந்தது. கனமான சாவிக்கொத்தாலோ, வண்டி குலுங்கியோ சாவி பின்னுக்கு நகர்ந்தால் ஓட்டத்திலேயே என்ஜின் அணைந்தது. ஏர்பேக்குக்கும் மின்சாரம் நின்றது. 2005-இல் டீலர்களுக்குப் போன குறிப்பு, கொத்தில் தேவையற்ற சாவிகளைக் கழற்றச் சொல்லுங்கள் என்ற அளவில் நின்றது. ஓடும் கார் அணைவதை நிறுவனத்துக்குள் பாதுகாப்புப் பிரச்சினையாக அல்லாமல் வாடிக்கையாளரின் வசதிக்குறைவாக வகைப்படுத்தியிருந்தார்கள் என்று, நிறுவனமே அமர்த்திய விசாரணையின் 2014 அறிக்கை சொல்கிறது. அந்த ஆண்டில்தான் சுமார் 26 லட்சம் கார்கள் திரும்ப அழைக்கப்பட்டன. இழப்பீட்டு நிதி ஏற்றுக்கொண்ட மரணங்கள் 124. அது வடிவமைப்புக் குற்றம், நம் பழைய வண்டிகளில் நேர்வது தேய்மானம் என்பது உண்மை. ஆனால் தேய்ந்த சுவிட்சும் கனத்த சாவிக்கொத்தும் நம்மிடமும் இருக்கின்றன. இரவில் லாரிகளுக்கு நடுவே ஹெட்லைட்டோடு சேர்ந்து வண்டி அணைந்தால், காரணம் வடிவமைப்பா தேய்மானமா என்பது ஓட்டுகிறவருக்கு எந்த உதவியும் செய்யாது.

ஆகவே ஒருமுறை அணைந்த வண்டியை, தானே ஸ்டார்ட் ஆனாலும், பழுதான வண்டியாகவே கருதுங்கள். எப்போது நின்றது, சூடாக இருந்ததா, மழையா, பள்ளத்தில் இறங்கியபோதா, எந்தெந்த விளக்குகள் போயின என்று எழுதி வைத்துக்கொண்டு ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் கொடுங்கள். பியூஸ் போனால் அதே ஆம்பியர் பியூஸ்தான்; கம்பியைச் சுற்றி ஓட்டுவது வண்டிக்குத் தீ வைப்பதற்கான ஏற்பாடு. பாகத்தை மாற்ற வேண்டும் என்று சொன்னால், சுமையோடு அளந்தபோது எத்தனை வோல்ட் எங்கே தொலைந்தது என்று கேளுங்கள். எண்ணைச் சொல்லுகிறவருக்கு அவர் கேட்கும் கூலியைத் தயங்காமல் கொடுங்கள். சொல்ல முடியாதவரிடம் புதுப் பேட்டரி வாங்காதீர்கள்.