அஸ்ட்ரிட் லிண்ட்கிரன் (1907–2002)

சுவீடனின் விம்மர்பி ஊரையொட்டிய நேஸ் பண்ணையில் பிறந்தவர். 1941 முதல் இறுதிவரை வாழ்ந்தது ஸ்டாக்ஹோமின் இந்த வீட்டில்.

நோயில் படுத்திருந்த மகள் காரின், ‘பிப்பி’ என்றொரு சிறுமியின் கதையைக் கேட்டாள். பெயர் அவள் சூட்டியதே. யாருக்கும் அஞ்சாத, குதிரையையே தூக்கிவிடும் பிப்பி அப்படித்தான் பிறந்தாள். 1944இல் பனியில் வழுக்கிக் கால் சுளுக்கிப் படுத்திருந்தபோது அக்கதைகளைச் சுருக்கெழுத்தில் எழுதினார் லிண்ட்கிரன். முதலில் அனுப்பிய பதிப்பகம் மறுத்துவிட்டது. 1945இல் ராபேன்-ஷோக்ரன் பதிப்பகம் வெளியிட்டது. பின்னர் அங்கேயே சிறார் நூல் பதிப்பாசிரியரானார்.

சாவையும் கொடுங்கோன்மையையும் சிறுவர் நாவலில் பேசிய துணிவுக்கு ‘லயன்ஹார்ட் சகோதரர்கள்’ (1973) சான்று. குழந்தைகளை அடிக்காதீர்கள் என்று 1978இல் ஃபிராங்க்ஃபர்ட் மேடையில் வேண்டினார். மறு ஆண்டே, உலகில் முதல் நாடாக, சுவீடன் அதைச் சட்டமாக்கியது.