பேய்ப் படத்திலிருந்து பெரும்படத்திற்கு

பெங்களூரில் வாழும் தமிழர்க்குத் திரைப்படம் பார்ப்பதில் ஒரு வசதி உண்டு. தமிழ்ப் படத்தையும் கன்னடப் படத்தையும் ஒரே ஊரில், ஒரே வாரத்தில் பார்த்து ஒப்பிட முடிகிறது. அவ்வாறு ஒப்பிட்டு வருவோர் அண்மைக் காலத்தில் ஒரு போக்கைக் கவனித்திருப்பர். பேய்க் கதையையோ, அதை ஒத்த மர்மக் கதையையோ சிறு செலவில் எடுத்துப் பெயர் பெற்ற இயக்குநரிடம், சில ஆண்டுகளில் பெரிய நடிகரும் பெருந்தொகையும் ஒப்படைக்கப்படுகின்றன. இது ஏன் நிகழ்கிறது?

அச்சத்தை உண்டாக்கப் பணம் மிகுதியாகத் தேவையில்லை. வானொலி நாடகம் கேட்டுப் பழகிய நேயர்கள் இதை நன்கறிவார்கள். கதவு கிரீச்சிடும் ஓசையும், அதைத் தொடரும் மௌனமும் போதும். மற்றதைக் கேட்பவரின் மனமே படைத்துக்கொள்ளும். ஆகவே ஒரு வீடு, நான்கைந்து நடிகர்கள், கொஞ்சம் இருட்டு ஆகியவற்றைக் கொண்டே பேய்ப் படம் எடுத்துவிடலாம். பெயர் பெற்ற நடிகர் இல்லாத அத்தகைய படம் ஓடிவிட்டால், அதை ஓடவைத்தவர் இயக்குநரே என்பது முதலாளிக்கு விளங்கிவிடுகிறது. அமெரிக்காவிலும் இதே கதைதான். காட்டுக் குடிசை ஒன்றில் 1981இல் ‘ஈவில் டெட்’ எடுத்த சாம் ரைமியிடம் 2002இல் ‘ஸ்பைடர்மேன்’ வந்து சேர்ந்தது. ‘சா’ எடுத்த ஜேம்ஸ் வான் 2018இல் ‘அக்குவாமேன்’ எடுத்தார்.

தமிழில் 2012இல் வந்த ‘பீட்சா’வை எடுத்துக்கொள்வோம். பீட்சா கொண்டுசெல்லும் இளைஞன் ஒரு பங்களாவில் அகப்பட்டுக்கொள்கிறான். அவன் கையில் இருப்பது ஒரு டார்ச் விளக்கு. அதன் ஒளிவட்டத்திற்குள் வருவதை மட்டுமே நாமும் காண்கிறோம். காட்டாமல் வைத்திருப்பதே கார்த்திக் சுப்புராஜின் கலை. 2019 பொங்கலுக்கு அவர் ரஜினிகாந்தை வைத்துப் ‘பேட்ட’ எடுத்தபோது வெளிச்சத்திற்குக் குறைவில்லை. ஆயினும் பழைய பழக்கம் போகவில்லை. மாணவர் விடுதிக்குக் காப்பாளராக வந்து சேரும் மனிதர் யார், எங்கிருந்து வந்தார் என்பதை நெடுநேரம் மறைத்தே வைக்கிறார்.

விக்ரம் குமாரின் வழி வேறு. 2009இல் வந்த ‘யாவரும் நலம்’ படத்தில் புதிய வீட்டிற்குக் குடிவந்த ஒருவனுக்கு மட்டும் மின்தூக்கி இயங்க மறுக்கிறது. தொலைக்காட்சித் தொடரில் அவன் குடும்பத்தின் கதையே ஓடுகிறது. 2016இல் சூர்யா மூன்று வேடங்களில் நடித்த ‘24’ படத்திற்குப் பெரும் அரங்குகள் எழுந்தன. ஒளிப்பதிவிற்கும் அரங்க வடிவமைப்பிற்கும் தேசிய விருதுகள் கிடைத்தன. ஆனால் கதையின் உயிர் ஒரு கைக்கடிகாரத்தில் இருக்கிறது. முன்பு தொலைக்காட்சிப் பெட்டி, பின்பு கடிகாரம். வீட்டில் கிடக்கும் சாதாரணப் பொருள் நம்மை மீறி நடக்கத் தொடங்குவதுதான் அவருக்குப் பிடித்த விந்தை. பணம் வந்தும் அவர் அதைக் கைவிடவில்லை.

கன்னடத்தில் அனூப் பண்டாரி 2015இல் ‘ரங்கிதரங்கா’வைத் தந்தார். துளு நாட்டு ஊர் ஒன்றின் பிரம்மராட்சசன் பற்றிய பேச்சே அதன் அச்சத்திற்கு அடிப்படை. அடுத்த வாரமே ‘பாகுபலி’ வந்தும், படம் நூறு நாளைக் கடந்து ஓடிற்று. 2022இல் சுதீப் நடிக்க, முப்பரிமாணத்தில் ‘விக்ராந்த் ரோணா’ வந்தது. அதைத் தமிழிலும் பார்த்தோம். கதை நிகழ்வது மீண்டும் கமரொட்டு என்னும் அதே ஊரில். காடும் மழையும் கண்ணைப் பறிக்கின்றன என்பது உண்மையே. எனினும் முதற்படத்தில் ஒரு முணுமுணுப்பு தந்த நடுக்கத்தை இத்தனை பெரிய காடு தரவில்லை என்பது நம் கருத்து.

அஜய் ஞானமுத்துவின் அனுபவம்தான் யோசிக்க வைப்பது. சென்னை ஆழ்வார்பேட்டையில் டிமான்டி காலனி என்ற இடம் உண்மையாகவே உண்டு. அப்பெயரை வைத்து அவர் 2015இல் எடுத்த படத்தில், நான்கு நண்பர்கள் தம் அறைக்குள்ளேயே சிறைப்படுகிறார்கள். படத்தின் பெரும்பகுதி அந்த ஓர் அறைதான். வெளியேற வழியில்லை என்பதே அச்சம். அதன்பின் 2018இல் நயன்தாராவை வைத்து ‘இமைக்கா நொடிகள்’ எடுத்தார். அது நம் பெங்களூரிலேயே நிகழும் கதை. பழகிய ஊரைக் கொலைகாரன் திரியும் ஊராகக் காண்பது நமக்கு ஒரு தனி அனுபவமாயிற்று. 2022இல் விக்ரம் பல வேடங்களில் நடித்த ‘கோப்ரா’ வந்தது. ரஷ்யா வரை சென்று படம்பிடித்தார்கள். மூன்று மணி நேரத்திற்கும் மேல் நீண்ட அப்படம் வெளியான மறுநாளே இருபது நிமிடம் வெட்டப்பட்டது. வெட்டியும் பயனில்லை. நான்கு சுவர்களுக்குள் நம்மைக் கட்டிப்போட்டவருக்கு உலகம் முழுவதையும் திறந்துவிட்டால், எங்கே நிற்பது என்று தெரியாமற் போகலாம். குறை அவருடையது மட்டுமன்று. பெரிய நடிகரின் படமென்றால் பாட்டு, சண்டை, வேடம் எல்லாம் இருந்தாக வேண்டும் என்று கேட்கும் ரசிகர்களாகிய நமக்கும் அதில் பங்குண்டு.

அவர் மீண்டும் பேய்க்கே திரும்பினார். ‘டிமான்டி காலனி’யின் இரண்டாம் பாகம் 2024 ஆகஸ்ட் 15இல் வெளிவந்து நன்றாகவே ஓடிற்று. ‘கோப்ரா’வின் நாயகர் விக்ரம் நடித்த, கோலார் தங்கவயல் கதையான ‘தங்கலா’னும் திரைக்கு வந்தது அதே நாளில்தான்.