ஆயாவுக்கு ஒரு நல்ல போட்டோ!

தாத்தா இறந்த அன்று வீட்டில் எல்லோரும் தேடியது ஒரு போட்டோவைத்தான். கிடைத்தது வாக்காளர் அட்டை. ஒரு ஸ்டூடியோவில் அதைப் பெரிதாக்கி, முகத்தை வெளுப்பாக்கி, ஃப்ரேம் போட்டுக் கொடுத்தார்கள். ஆயா அதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, ''இது யாரு?'' என்றார். கேலிக்குக் கேட்கவில்லை.

அதனால்தான் சித்திரையில் ஒருநாள் செங்கல்பட்டிலிருந்து ஆயாவை மாமல்லபுரம் கூட்டிப் போனேன். ''எதுக்கு? மாலை போடவா?'' என்றார். பதில் சொல்லத் தெரியாமல் பஸ் டிக்கெட்டை நீட்டினேன்.

போய்ச் சேர்ந்தது நண்பகல். அதுதான் முதல் தப்பு. ஏப்ரல் கடைசி வாரத்திலும் ஆகஸ்ட் மூன்றாவது வாரத்திலும் இந்தப் பக்கம் சூரியன் உச்சந்தலைக்கு நேர் மேலே வந்துவிடும். நம் நிழல் நம் காலடியிலேயே கிடக்கும். அந்த வெயிலில் எடுத்தால் புருவ நிழல் கண்ணை மூடிவிடும், மூக்கின் நிழல் உதட்டில் விழும். படத்தில் ஆயாவுக்குக் கண்ணே இல்லை!

சவுக்குத் தோப்புக்குள் போனோம். இலை இடுக்கில் ஒழுகும் வெயில் முகமெல்லாம் புள்ளி புள்ளியாக விழுந்தது. மர நிழல் என்றாலே நல்ல வெளிச்சம் என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்கலாம். நிழல் ஒரே சீராக இருக்க வேண்டும்.

அந்தச் சீரான நிழல் கிடைத்தது அர்ச்சுனன் தபசுக்கு எதிரில். கிழக்கு பார்த்த பாறை அது. காலையில் சிற்பங்கள் மீது வெயில் பளீரென அடிக்கும். பிற்பகலில் சூரியன் பாறைக்குப் பின்னால் போய்விடும். நான்கு மணிக்கு மேல் அங்கே உட்கார்ந்தால், எதிரே திறந்த வானத்திலிருந்து வரும் வெளிச்சம் முகத்தில் மெத்தென்று படியும். உங்கள் வீட்டுத் தெருத் திண்ணையிலும் இதே வெளிச்சம் உண்டு. இதற்காக மாமல்லபுரம் வரை வரத் தேவையில்லை (ஆயாவுக்குக் கடல் பார்க்க ஆசை, அது வேறு கதை).

மாலைப் பொன் வெயிலில் எடுப்பவர்கள் கொஞ்சம் அவசரப்பட வேண்டும். நம் ஊரில் சூரியன் கிட்டத்தட்ட செங்குத்தாக இறங்கும். நல்ல வெளிச்சம் அரை மணி, மிஞ்சினால் முக்கால் மணி நேரம்தான்.

அடுத்த சிக்கல் நிறம். கேமரா எல்லாவற்றையும் நடுத்தரச் சாம்பல் என்று வைத்துக்கொண்டுதான் வெளிச்சத்தைக் கணக்கிடும். கறுத்த முகம் ஃப்ரேமை நிறைத்தால் தேவைக்கு மேல் வெளிச்சமாக்கிவிடும். பின்னால் பளிச்சென்று கடல் இருந்தால் முகத்தை இருட்டாக்கிவிடும். மொபைலில் முகத்தைத் தொட்டு, பக்கத்தில் வரும் சூரியக் குறியை மேலோ கீழோ நகர்த்தினால் போதும். பியூட்டி மோடை மறக்காமல் அணைத்துவிடுங்கள். மொபைலுக்கு முன்பே இந்தப் பாரபட்சம் உண்டு. கோடக் நிறுவனம் கலர் பிரின்ட்டைச் சரிபார்க்கப் பல காலம் வைத்திருந்த 'ஷெர்லி' அட்டையில் இருந்தது வெள்ளைக்காரப் பெண்ணின் முகம்தான்.

இங்கே அதற்கு மாறாக ஒருவர் இருந்தார். 'முள்ளும் மலரும்' படத்துக்கு ஒளிப்பதிவு செய்த பாலு மகேந்திரா. இயற்கை வெளிச்சத்துக்குப் பெயர்பெற்றவர். அவர் இயக்கிய 'வீடு' படத்தில் அர்ச்சனாவின் முகத்தைப் பாருங்கள். கறுப்புக்குள் எத்தனை நிறம்!

ஆயாவுக்கு எதிரே கொஞ்சம் தாழ்வாக என் வெள்ளைத் துண்டை விரித்தேன். முகவாய்க்குக் கீழே இருந்த நிழல் லேசாக விலகியது. அவர் பக்கத்துக் கடையின் கல் பிள்ளையாருக்கு விலை விசாரித்துக்கொண்டிருந்தபோது எடுத்தேன்.

படத்தைக் காட்டினேன். ''கொஞ்சம் செவப்பா பண்ணக் கூடாதா கண்ணு?''

ஒரு ஃபில்டரைப் போட்டு அதையும் காட்டினேன். மாற்றி மாற்றிப் பார்த்தார்.

''இதுல மூக்குத்தியே தெரியல. மொதல்ல எடுத்தது மாதிரியே பிரின்ட் போடு.''