பிளேட் சேவையகமும் காணாமற்போன இயக்கியும்

திருகோணமலைத் துறைமுகம் ஆழத்தாற் பெயர்பெற்றது. எனினும், பெருங்கடல் கடந்து வரும் கப்பல் அதன் உட்டுறையைத் தானே சென்றடைவதில்லை. துறையின் போக்கறிந்த வழிகாட்டி மாலுமி ஒருவர் ஏறி, கப்பற்றலைவனுக்கு வழி உணர்த்துவர். கணினியில் இத்தகைய பணியைப் புரியும் மென்பொருளே ‘இயக்கி’ (டிரைவர்) எனப்படும். இயக்கமுறைமையும் வலையமைப்பு அட்டையும் குறைவின்றி இருப்பினும், இடைநின்று இணைக்கும் இயக்கி இல்லையேல் இரண்டாலும் பயனில்லை. இக்குறையை இனங்கண்டு நீக்கும் முறையை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பிளேட் சேவையகங்கள் 2001ஆம் ஆண்டளவிற் சந்தைக்கு வந்தன. மெல்லிய தகடு போன்ற கணினிகள் பல ஒரே கூட்டினுட் செருகப்பட்டு, மின்வழங்கியையும் விசிறிகளையும் பொதுவிற் பயன்படுத்துகின்றன. எச்.பி. நிறுவனம் 2006இல் வெளியிட்ட சி7000 என்னும் கூட்டில் அரையளவுத் தகடுகள் 16 அடங்கும். இத்தகடுகளில் இறுவட்டுச் செலுத்தகம் பொதுவாக இராது. வலையமைப்பே வெளியுலகுக்கான வழி. எனவே, இயக்கியைப் பெற வலையமைப்பு வேண்டும். வலையமைப்பைப் பெற இயக்கி வேண்டும். திறவுகோலைப் பெட்டியினுள் வைத்துப் பூட்டியதை ஒத்த நிலை இது.

முதலில், குறை இயக்கியினதுதானா எனத் தெளிதல் வேண்டும். கணினி தொடங்கும்போது தோன்றும் திரையிலும் கூட்டின் முகாமைப் பக்கத்திலும் அட்டை காணப்படாவிடின், அது வன்பொருட் குறையாகலாம். கடற்காற்றின் உப்பும் ஈரமும் மிக்க கரையோர மாவட்டத்தில், செருகிகளின் தொடுமுனை அரிக்கப்பட்டிருத்தலும் கூடும். இயக்கமுறைமை அட்டையை அறிந்தும் இணைப்பு மட்டும் இல்லையெனின், கூட்டின் பின்புறத்து இணைப்புக் கூறுகளையும் அவற்றின் அமைப்பையும் ஆராய்தல் தகும். தொடக்கத் திரையிற் காணப்பட்ட அட்டை இயக்கமுறைமையில் வழங்காதவிடத்தே இயக்கியைத் தேட வேண்டும். விண்டோசில் மஞ்சட் குறியும் 28 என்னும் பிழை எண்ணும் இதனை உணர்த்துவன.

அடுத்து, அட்டையின் அடையாள எண்ணைக் குறித்தல் வேண்டும். அதன் முற்பகுதி உற்பத்தியாளரையும் பிற்பகுதி சாதனத்தையும் சுட்டும். இன்ரெல் நிறுவனத்தின் எண் 8086. 1978இல் அந்நிறுவனம் வெளியிட்ட செயலியின் பெயரும் அதுவே. வெளியட்டையிற் பொறித்த வணிகப் பெயரினும் இவ்வெண்ணே நம்பத்தக்கது. ஏனெனில், ஒரே பெயரில் வேறுபட்ட சில்லுகள் விற்கப்படுவதுண்டு. இவ்வெண்ணுக்கும் இயக்கமுறைமையின் பதிப்புக்கும் பொருந்தும் இயக்கியை வேறொரு கணினியிற் பெற்று, வட்டுப் படிமமாக ஆக்குதல் வேண்டும்.

பூட்டிய பெட்டியைத் திறப்பது முகாமைச் செயலி. எச்.பி. தகடுகளில் ஐ.எல்.ஓ. எனப்படும் இச்சிறு செயலி, இயக்கமுறைமையைச் சாராது தனக்கெனத் தனிவழி உடையது. அதன் வாயிலாக, தொலைவிலுள்ள படிமத்தைத் தகட்டிற் செருகிய இறுவட்டுப் போலத் தோன்றச் செய்யலாம். அங்கிருந்து இயக்கியை நிறுவியபின், அட்டையின் நிலைபொருட் பதிப்பு அதற்கு ஒத்ததா எனவும் நோக்குதல் நன்று.

எனினும், சில வேளைகளில் நிறுவுதற்கு இயக்கியே இராது. வீஎம்வெயார் நிறுவனம் 2020இல் வெளியிட்ட ஈஎஸ்எக்ஸ்ஐ 7.0, லினக்சைத் தழுவி எழுதப்பட்ட பழைய இயக்கிகளைக் கைவிட்டது. அவற்றையே நம்பியிருந்த அட்டைகள், பழுதேதுமின்றியே பயனற்றவையாயின. முந்திய 6.7 பதிப்புக்கான பொது ஆதரவும் 2022 ஒக்டோபரில் முடிவுற்றமையால், அதனிடம் மீள்வதும் பாதுகாப்பான தீர்வன்று. ஆகவே, மலிவாகக் கிடைக்கும் பழைய தகடுகளை வாங்குமுன் பொருத்தப் பட்டியலை நோக்குதல் இன்றியமையாதது.

கொழும்பு திருகோணமலைக்கு ஏறத்தாழ 260 கிலோமீற்றர் தொலைவிலுள்ளது. அங்கிருந்து வல்லுநர் வரும்வரை அலுவலகமொன்றின் பணி தடைப்பட வேண்டியதில்லை. சேவையகத்தை நிறுவும் நாளிலேயே அட்டைகளின் எண்களை எழுதிவைத்து, உரிய இயக்கிகளை வேறொரு வட்டிற் சேமித்து, செய்முறையைத் தமிழிற் குறித்துவைத்தால், அங்குள்ள ஊழியரே ஒரு மணி நேரத்திற் குறையை நீக்கிவிடக் கூடும். தொழினுட்ப அறிவு தாய்மொழியில் அமைதல் வேண்டும் என்பது வெறும் மொழிப்பற்றினாற் கூறப்படுவதன்று. தலைநகரை எதிர்நோக்கிக் காத்திராமைக்கு அதுவே வழியாகும்.