சோலாருக்கு மானியம் கேட்பவர்கள் முதலில் பார்க்க வேண்டியது மின்பட்டியலில் உள்ள பெயரை

"சோலார் பூட்டினால் அரசாங்கம் எவ்வளவு மானியம் தரும்?" பாடசாலைக்கு வரும் பெற்றோரும் பள்ளிவாசலில் சந்திக்கும் சகோதரர்களும் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. படிவம் என்றால் ஆசிரியரிடம் கொண்டுவருவது நம் ஊர்களின் வழமை. அப்படி வந்த படிவங்களோடு இருந்து விளங்கிக்கொண்டதை இங்கே தருகிறேன்.

சாதாரண வீட்டுக்காரரின் கையில் அரசாங்கம் காசு தருவதில்லை. 2016இல் ஆரம்பிக்கப்பட்ட ‘சூரிய பல சங்ராமய’ ஒரு மானியத் திட்டமல்ல. உங்கள் கூரையில் உற்பத்தியாகும் மின்சாரத்தை எடுத்துக்கொள்வதற்கான 20 வருட உடன்படிக்கையே அது. உதவி மின்பட்டியலின் வழியாகவே வருகிறது.

இதில் முக்கியமாக மூன்று முறைகள் உள்ளன. ‘நெட் மீட்டரிங்’ முறையில் மிஞ்சும் அலகுகள் உங்கள் கணக்கில் வரவாகச் சேரும், காசு கிடைக்காது. ‘நெட் எக்கவுண்டிங்’ முறையில் மிஞ்சும் அலகுகளுக்குக் காசு கிடைக்கும். ‘நெட் பிளஸ்’ முறையில் உற்பத்தி முழுவதையும் விற்று, பாவித்ததற்குத் தனியாகப் பட்டியல் செலுத்த வேண்டும்.

விலை விடயத்தில் கவனம் தேவை. ஆரம்பத்தில் ஓர் அலகுக்கு முதல் 7 வருடங்களுக்கு 22 ரூபாவும், மீதி 13 வருடங்களுக்கு 15.50 ரூபாவும் வழங்கப்பட்டன. 2022இல் புதிய இணைப்புகளுக்கு 37 ரூபா வரை சென்ற விலை பின்னர் இறங்கியது. பழைய விலையைக் காட்டி இலாபக் கணக்குச் சொல்பவர்களை நம்பாதீர்கள். நீங்கள் ஒப்பமிடும் நாளில் எது நடைமுறையில் உள்ளதோ அதுவே உங்களுக்கு.

சுடுநீருக்கான சோலார் வேறு. அது வெயிலில் நேரடியாகத் தண்ணீரைச் சூடாக்குகிறது, மின்சாரம் உற்பத்தி செய்வதில்லை. ஆகவே இந்த உடன்படிக்கை அதற்குத் தேவையுமில்லை, பொருந்துவதுமில்லை. ஆனால் மலையகக் குளிரில் தினமும் மின் ஹீட்டர் பாவிக்கும் வீடுகளுக்கு நல்ல பயன் உண்டு. 3.5 கிலோவாட் ஹீட்டர் நாளுக்கு 20 நிமிடம் ஓடினால் மாதத்திற்கு 35 அலகுகள். நமது கட்டணம் படிமுறையானது. 190 அலகு பாவிக்கும் வீடு 155க்கு இறங்கினால், 180க்கு மேற்பட்ட அதிகூடிய கட்டணப் படியிலிருந்தே வெளியே வந்துவிடும்.

கூரையில் மின்சாரம் உற்பத்தி செய்ய விரும்புவோருக்கு உள்ள தகுதிகளில், நமது சமூகம் அதிகம் சிக்கிக்கொள்வது பெயரில்தான். உடன்படிக்கை மின்கணக்கு யார் பெயரில் இருக்கிறதோ அவரோடுதான். கிழக்கில் மகளுக்கு வீடு கொடுத்துக் கட்டிவைக்கிறோம், ஆனால் மின்பட்டியல் வாப்பாவின் பெயரிலேயே வந்துகொண்டிருக்கும். வாப்பா மவுத்தாகிப் பல வருடங்கள் கடந்தும் சொத்து பங்கிடப்படாமல், அவர் பெயரிலேயே கட்டணம் செலுத்தும் வீடுகளும் உள்ளன. கட்டணம் செலுத்தும் வரை இதில் எந்தச் சிக்கலும் தெரிவதில்லை. 20 வருட உடன்படிக்கை ஒன்று செய்து, அதன் வருமானம் ஒருவரின் வங்கிக் கணக்குக்கு வரப்போகும்போதுதான் "இது யாருக்கு?" என்ற கேள்வி எழுகிறது. ஏனைய வாரிசுகளின் உரிமையும் அங்கே வந்து நிற்கிறது. மார்க்கம் தாமதிக்காமல் செய்யச் சொன்ன பங்கீட்டை நாம் தள்ளிப்போட்டதன் விலை இது.

ஆகவே முதலில் உறுதி, மரணச் சான்றிதழ், வாரிசுகளின் எழுத்துமூலச் சம்மதம் ஆகியவற்றைத் தயார் செய்யுங்கள். பெயர் மாற்றத்திற்கு மேலும் எவை தேவை என்பதை உங்கள் பிரதேச மின்சார அலுவலகத்தில் நேரில் கேட்டுக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, உங்கள் பகுதி ட்ரான்ஸ்போமரில் இடமிருக்க வேண்டும். அயலில் பலர் ஏற்கனவே சோலார் பூட்டியிருந்தால் அனுமதி கிடைக்காமல் போகலாம். அனுமதி வருமுன் எந்தக் கம்பனிக்கும் முற்பணம் கொடுக்காதீர்கள். மூன்றாவது, உங்கள் மின் இணைப்பின் அளவை விடப் பெரிய தொகுதி பூட்ட முடியாது. நான்காவது, பூட்டும் கம்பனி நிலைபேறான வலுசக்தி அதிகார சபையில் பதிவு செய்யப்பட்டதா என்று பாருங்கள். பெட்டரி இல்லாத சாதாரண தொகுதி, கரண்ட் போனால் தானும் நின்றுவிடும் என்பதையும் அறிந்துகொள்ளுங்கள்.

பணத்திற்கு, 2017இல் ஆசிய அபிவிருத்தி வங்கி அங்கீகரித்த 5 கோடி டொலர் திட்டம் போன்றவையும் வங்கிக் கடன்களே தவிர இனாம் அல்ல. வட்டியைத் தவிர்ப்பவர்கள் முராபஹா முறையை நாடலாம். அப்போதும் மாதத் தவணையை மட்டும் பார்க்காமல், மொத்த விற்பனை விலையைக் கேட்டு, கடந்த 12 மாத மின்பட்டியல்களோடு ஒப்பிடுங்கள்.

உண்மையான நன்கொடை வந்தது வணக்கஸ்தலங்களுக்குத்தான். 5,000 வணக்கஸ்தலங்களின் கூரைகளில் சோலார் பூட்டும் இந்திய உதவித் திட்டம் 2025 ஏப்ரலில் ஆரம்பித்து வைக்கப்பட்டது. அதில் நம் பள்ளிவாசல்களும் அடங்கும். இத்தகைய வாய்ப்பு வரும்போது பள்ளியின் பதிவும் மின்கணக்கும் ஒழுங்காக இருக்கின்றனவா என்று நிர்வாகங்கள் இப்போதே பார்த்துக்கொள்வது நல்லது.

வெயில் அல்லாஹ்வின் அருட்கொடை, அதற்கு விண்ணப்பம் தேவையில்லை. அதை மின்பட்டியலில் வரவாக்கத்தான் ஆவணங்கள் வேண்டும். இந்த மாதப் பட்டியல் வந்ததும் தொகையைப் பார்க்குமுன் அதில் உள்ள பெயரைப் பாருங்கள். அது மவுத்தானவரின் பெயராக இருந்தால், சோலார் கம்பனியை அழைக்குமுன் சகோதர சகோதரிகளை அழைத்துப் பேசுங்கள்.